'பெட்டிங்': பாறைக்கும் கூண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் அகராதி ஒன்றின் மெய்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். 'பெட்டிங்' (bedding) என்ற ஆங்கிலச் சொல்லின் பதிவின்கீழ் படுக்கைத் துணிகள், படிவுப் பாறையில் காணும் அடுக்கமைப்பு, வெள்ளெலிக் கூண்டில் பரப்பும் மரச்சீவல் ஆகிய மூன்றும் வருகின்றன. முதலாவதற்குப் 'படுக்கை விரிப்பு' போதும். மற்ற இரண்டுக்கும் 'படுகை' என்றே எழுதிவிடலாமா? 'படு' என்னும் வேர் மூன்றுக்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

— அகராதிப் பணியில் இருப்பவன்

ஐயா,

பாறைக்குப் 'படுகை' வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நான் அரியலூர்ப் பகுதியில் புவியியல் கற்பிக்கிறேன். இங்கே வெளித்தெரியும், கிரீத்தேசியம் என்னும் பழம்புவிக் காலப் பாறைகள் காவிரிப் படுகையைச் சேர்ந்தவை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வகுப்பில் அதே பாறையின் ஒவ்வோர் அடுக்கையும் 'படுகை' என்றால், 'காவிரிப் படுகையின் படுகைகள்' என்று எழுதும் மாணவரை எப்படித் திருத்துவேன்? ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் தடித்ததை ஒரு பெயராலும், அதைவிட மெல்லியதை வேறொரு பெயராலும் நாங்கள் குறிக்கிறோம். ஆகவே தெளிவான சொல் இன்றியமையாதது. 'அடுக்கு' எல்லாருக்கும் விளங்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

— அரியலூரிலிருந்து

அன்புடையீர்,

விளங்குகிறது என்பதற்காக இலக்கணத்தைக் கைவிட முடியாது. 'அடுக்கு' செயப்படுபொருள் குன்றா வினை. அடுக்க ஒருவர் வேண்டும். பானையை நாம் அடுக்குகிறோம். வண்டலோ தானே படிகிறது. தாழ்ந்த அடுக்கே மூத்தது, படியும்போது அது கிடையாகவே படியும் என்று 1669இல் புவியியல் முன்னோடி ஸ்டெனோ எழுதிய கருத்தைக் கற்பிக்கும் இடத்தில், வினையின் தன்மையே சொல்லில் பிழைபடக் கூடாது. 'படு', 'படி' இரண்டும் குன்றிய வினைகள். அவற்றிலிருந்தே சொல் பிறக்கவேண்டும்.

கூண்டுக்குச் 'சேக்கை'யைப் பரிந்துரைக்கிறேன். நெடுநல்வாடையில் அரசியின் கட்டில்மேல் விரித்திருப்பது சேக்கை. பறவை தங்கும் கூட்டுக்கும் அதுவே பெயர். மனிதர் துயிலும் இடத்தையும் உயிரினம் ஒடுங்கும் இடத்தையும் ஒரே சொல்லால் குறித்த மொழியில் வேறு சொல் தேடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சேக்கை அழகிய சொல். ஆனால் அது உயிரினம் தங்கும் இடத்தைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியதோ அந்த இடத்தில் பரப்பும் பொருளின் பெயர். அப்பொருள் சிறுநீரை உறிஞ்சவேண்டும், எலி தோண்டிப் புதைந்துகொள்ள இடந்தரவேண்டும், நனைந்ததும் அள்ளிக் கொட்டத்தக்கதாக இருக்கவேண்டும். மணம் மிகுந்த சீடர் (cedar) மரச்சீவலின் ஆவி எலியின் மூச்சுக்குழாயை உறுத்தும் என்று நான் வளர்ப்போரை எச்சரிக்கும்போது, அவர்கள் உடனே புரிந்துகொள்ளும் சொல் தேவை. கோழிப் பண்ணையாளர்கள் உமியும் கடலைத்தோலும் பரப்பி அவ்வப்போது கிளறிவிடுவதை 'ஆழ்கூள முறை' என்கிறோம். அந்தக் 'கூளம்' கூண்டுக்கும் பொருந்தும். குப்பை கூளம் என்று சேர்த்துச் சொல்வதால் அது இழிந்ததாகிவிடாது. பட்டுப்புழு வளர்ப்போர் 'படுக்கை சுத்தம் செய்தல்' என்று சொல்வதையும் பதிவு செய்யுங்கள். அங்கே இலையும் கழிவும் சேர்ந்ததே படுக்கை.

— கால்நடை மருத்துவர்

வணக்கம்.

எங்கள் இலங்கைப் பாடநூல்களில் அடுக்கு என்னும் பொருளில் 'படை' என்பது வழக்கிலுள்ளது. நீங்கள் ஓசோன் படலம் என்பதை நாங்கள் ஓசோன் படை என்போம். படிவுப் பாறையை அடையற்பாறை என்போம். தமிழாசிரியர் ஐயா கேட்கும் 'படு' என்னும் வேருக்கு அருகில் நிற்கும் குறுஞ்சொல் இது. தமிழ்நாட்டு மாணவர் சேனையையோ தோல் நோயையோ நினைப்பார் என்பதற்காக இதைக் கருதாமலே விடுவது முறையன்று.

— யாழ்ப்பாணத்திலிருந்து

நண்பர்களே,

நாளை மெய்ப்பு போகவேண்டும். பாறைக்குப் 'படிவடுக்கு', கூண்டுக்குக் 'கூளம்' என்று முடிவு செய்திருக்கிறேன், மூவர் உடன்பட்டார்கள். 'படிவு' முற்றியலுகரமாயிற்றே, உகரம் எப்படிக் கெடும் என்று தனிமடலில் கேட்டவருக்கு: 'முற்றும் அற்று ஒரோவழி' (முற்றியலுகரமும் சில இடங்களில் அவ்வாறே கெடும்) என்னும் நன்னூல் விதிப்படி கதவழகு போலவே இதுவும் புணரும். யாழ்ப்பாண அன்பரின் 'படை'யை அடைப்புக்குள் இலங்கை வழக்கு எனச் சேர்க்கிறேன்.

— அகராதிப் பணியில் இருப்பவன்

அன்புடையீர்,

புணர்ச்சியில் எனக்கு மறுப்பில்லை. 'அடுக்கு' உள்ளே இருப்பதில்தான் மறுப்பு. ஓடும் நீரோ காற்றோ மணலைச் சாய்வாகப் படியவிடும்போது, ஒரே படிவடுக்கின் உள்ளேயே சாய்ந்த வரிகள் தோன்றுகின்றனவே, அவற்றை என்னவென்று அழைப்பீர்கள்? 'குறுக்குப் படிவடுக்கு' என்பதை வகுப்பில் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். என் மாற்றுக் கருத்தைப் பதிவில் வைக்கவும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்