இரண்டே தோட்டா கொள்ளும் ரைஃபிளுக்கு ஏன் இத்தனை விலை?

அருஷாவாசி:
வணக்கம். தான்சானியாவில் வேட்டைப் பயணங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். விருந்தினர்களின் துப்பாக்கிகளைப் படிவத்தில் பதியும்போது விலைக் கட்டம் என்னைத் திகைக்க வைக்கிறது. .416 ரிக்பி போல்ட் ரைஃபிளுக்கு (எண் தோட்டாவின் அளவு; போல்ட் என்பது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் தண்டு) சில ஆயிரம் டாலர் எழுதுகிறார்கள். அதே கேப் எருமை (ஆப்பிரிக்கக் காட்டெருமை) வேட்டைக்காகக் கொண்டுவரும் .470 இரட்டைக்குழல் ரைஃபிளுக்கு, ஜெர்மன் தயாரிப்பே ஆனாலும், 20,000 டாலரை ஒட்டி எழுதுகிறார்கள். இது பெயருக்கும் பூவேலைக்கும் கொடுக்கும் விலையா, பொறியமைப்பிலேயே காரணம் இருக்கிறதா?

பட்டறைக்காரன்:
பூவேலைக்கும் ஒரு பங்கு உண்டு. பெரும்பங்கு குழல்களை இணைப்பதில் செலவாகிறது. வலக்குழலில் சுட்டால் துப்பாக்கி பின்னுதைப்பில் வலப்புறமாகவும், இடக்குழலில் சுட்டால் இடப்புறமாகவும் திரும்பும் என்பதால், இரண்டையும் இணைகோடுகளாகப் பற்றவைத்தால் குண்டுகள் விலகியே போகும். ஆகவே முனைகளைச் சற்று நெருக்கி, இடையே ஆப்பு வைத்து, சுட்டுப் பார்த்து, குழல்களை ஒட்டவைக்கும் பற்றாசை உருக்கி, ஆப்பை நகர்த்தி, மறுபடி சுட்டு, 50 முதல் 100 கஜத்துக்குள் இரு குழல்களின் குண்டுகளும் ஓரிடத்தில் விழும்வரை ஒரு கைவினைஞர் உழைக்கிறார்.

இதில் வாங்குபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இவ்விணைப்பு ஒரே வகைத் தோட்டாவுக்குத்தான் பொருந்தும். .470-க்கு அது 500 கிரெயின் (குண்டை எடைபோடும் சிற்றளவு) குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 2,150 அடி வேகம். குண்டு மெதுவாகப் போனால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கும், அதற்குள் துப்பாக்கி கூடுதலாகத் திரும்பிவிடும். இரு குண்டுகளும் வெளிப்புறமாக விலகும். வேகம் கூடினால் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்.

லண்டனின் பழம்பெரும் பட்டறைகளில் சைட்லாக் (சுடும் பொறியைப் பக்கத் தகடுகளில் பொருத்தும்) வகையைப் புதிதாகச் செய்யச் சொன்னால் 1 லட்சம் பவுண்டைத் தாண்டும். பொறியைப் பெட்டி போன்ற உடலுக்குள்ளேயே வைக்கும் பாக்ஸ்லாக் வகை எளிமையானது, மலிவானது. அதற்காகத் தாழ்ந்ததென்று நான் ஒப்பமாட்டேன். 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சனும் டீலியும் வகுத்த அமைப்பு இன்றும் உழைக்கிறது.

தடம்பார்ப்பவன்:
பட்டறைக்காரர் சொன்னதோடு, களத்தில் கண்டதைச் சேர்க்கிறேன். இரு குழல்களுக்கும் தனித்தனி விசையும் தனித்தனிப் பொறியும் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சுடும். போல்ட்டை இழுத்துத் தள்ளாமல், தோளிலிருந்து எடுக்காமல், இரண்டாம் குண்டு உடனே கிடைக்கும். எருமை புதருக்குள்ளிருந்து பாய்ந்து வரும்போது அந்த ஒரு நொடிக்குத்தான் மக்கள் பணம் கொடுக்கிறார்கள். தோட்டா இடத் துப்பாக்கியைத் திறந்து மூடியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும் காப்புப் பொத்தான் இருந்தால் வாங்கவே வேண்டாம். அவசரத்தில் அதைத் தள்ள மறப்பவர்கள் அதிகம்.

ஆனால் ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும் என்பவருக்கு, தொலைநோக்கி பொருத்திய .375 ஹாலந்து அண்டு ஹாலந்து போல்ட் ரைஃபிளையே சொல்வேன். வெறும் கண்குறியோடு, பத்து ராத்தலுக்கு மேல் எடையுள்ள இரட்டைக்குழலை நூறு கஜத்தில் நம்பிச் சுட எல்லாராலும் ஆகாது.

அருஷாவாசி:
இருவருக்கும் நன்றி. இப்போது ஒருவர் தாத்தா காலத்து லண்டன் .470 ஒன்றைக் கொண்டுவருகிறார். அதற்கு என்ன மதிப்பு எழுதுவது?

பட்டறைக்காரன்:
பெயரைப் பார்த்து எழுதாதீர்கள். குழல்களுக்கு அடியில் உள்ள சோதனை முத்திரைகளைப் பாருங்கள்: 75 கிரெயின் கார்டைட் (அக்காலத்துப் புகையற்ற வெடிமருந்து), 500 கிரெயின் குண்டு என்று பொறித்திருந்தால் அது .470-இன் பழைய தோட்டா அளவு. பிறகு திறந்து மூடும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, குழலின் உட்புறம் அரித்திருக்கிறதா, பற்றாசு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்றாசு விட்டிருந்தால் மறுபடி இணைக்கும் செலவிலேயே ஒரு புதிய போல்ட் ரைஃபிள் வாங்கிவிடலாம்.

இந்த .470 பிறந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களை ஆங்கிலேய அரசு தடை செய்தது. கலகக்காரர்களின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அவை பயன்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். இடைவெளியை நிரப்ப லண்டன் பட்டறைகள் புதிய அளவுகளைத் தேடின. அவற்றில் ஒன்றுதான் இது.