முயலுக்கு டாய்லெட் ட்ரெயினிங் அவசியமா? ஹால் பூரா புழுக்கை!

வேளச்சேரி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு நச்சரிப்பு தாங்காம ஒரு முயல் வாங்கினோம், இப்போ அஞ்சு மாசம் இருக்கும், ஆணா பெண்ணான்னு கடைக்காரருக்கே தெரியல. ராத்திரி கூண்டுல, பகல்ல ஹால்ல ஓட விடுறோம். ஒண்ணுக்கு எப்பவும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி அதே மூலைலதான் போகுது ஆனா புழுக்கை மட்டும் சோபா அடி, செருப்பு ஸ்டாண்டு, பூஜை ரூம் வாசல்னு ஒரு இடம் பாக்கி இல்ல. மாமியார் மொட்டை மாடில கூண்டோட வச்சிடச் சொல்றாங்க, வீட்டுக்காரர் பூனைக்கு விக்கிற மணல் வாங்கலாங்கிறார். நிஜமாவே பழக்கணுமா, இல்ல பெருக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதானா? இன்னொண்ணு, நேத்து சிவப்பா ஒண்ணுக்கு போச்சு. முந்தின நாள் பீட்ரூட் தோல் போட்டேன், அதனாலயா?

பொள்ளாச்சி_தோட்டம்:
எதுக்குங்க இவ்ளோ கஷ்டம். எங்க தோட்டத்து ஷெட்டுல கம்பி வலை அடிச்ச கூண்டுதான், எல்லாம் கீழ விழுந்துரும், அள்ளி கத்தரிச் செடிக்கு நேரா போட்டுருவேன், மக்க வைக்கக்கூட வேண்டாம். முயலுக்குப் போயி ட்ரெயினிங்கா :)

மாடிவீட்டு_முயல்:
பொள்ளாச்சி அண்ணா, உரம் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், ஆனா வீட்ல வளக்குறவங்க கம்பித் தரையை காப்பி அடிக்க வேணாம். முயலுக்கு நாய் பூனை மாதிரி பாதத்துல மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான், கம்பி மேலயே நின்னா பின்னங்கால் புண்ணாயிடும். ஒரு பலகையாவது போட்டுவிடுங்க.

அக்கா, மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். முயலுக்கு வேர்க்காது, காது வழியாத்தான் சூட்டை வெளிய விடும், நம்ம சென்னை மே மாச வெயில்ல ஒரே மதியத்துல உயிர் போயிடும்.

இப்ப உங்க கேள்விக்கு. பாதி ட்ரெயினிங்கை அதுவே முடிச்சிடுச்சுன்னுதான் சொல்லுவேன், ஏன்னா முயல் தானாவே ஒரு மூலையைப் பிடிச்சுக்கும், நாம அதோட சண்டை போடாம அந்த மூலையிலேயே ட்ரேயைக் கொண்டுபோய் வைக்கணும், அவ்ளோதான். கடையில விக்கிற முக்கோண ட்ரே வாங்காதீங்க, ரொம்ப சின்னது, அது உள்ள போய் திரும்பி உக்கார்ற அளவுக்கு ஒரு அகலமான பிளாஸ்டிக் டப் போதும். அடியில நியூஸ்பேப்பர், மேல காய்ஞ்ச புல். முக்கியமா புல்லை ட்ரேயோட ஒரு ஓரத்துல நிறைய வைங்க, முயல் தின்னுக்கிட்டே போற ஜென்மம், சாப்பாடு எங்கயோ அங்கதான் புழுக்கையும். வெளிய போட்டதை அள்ளி ட்ரேக்குள்ள போடுங்க, ஒண்ணுக்கு தொடச்ச பேப்பரையும் அதுலயே போடுங்க, அந்த வாசனைதான் அதுக்கு அட்ரஸ். திட்டுறது, மூக்கைத் தேய்க்கிறது எல்லாம் வேலைக்கு ஆகாது, பயந்து சோபா அடியில போயிடும்.

பூனை மணலுக்கு நோ சொல்லிடுங்க. ஈரம் பட்டா கட்டியாகிற வகை அது, முயல் எதையும் கொறிச்சுப் பாக்கும், வயித்துக்குள்ள போனா அடைச்சிக்கும், முயலால வாந்தி எடுக்கவும் முடியாது. பைன், தேவதாரு மரத்தூளும் அவ்வளவு நல்லதில்ல.

அவசியமான்னா, எனக்கு அவசியம்தான். சுத்தத்துக்காக மட்டும் இல்ல, ட்ரேயில போனாத்தான் எவ்ளோ போச்சு, எந்த சைஸுல போச்சுன்னு தெரியும். சாப்பிடாம அரை நாள் புழுக்கையே வரலன்னா குடல் நின்னுபோச்சுன்னு அர்த்தம், நாளைக்குப் பாப்போம்னு இருக்கக்கூடாது, உடனே டாக்டர்கிட்ட ஓடணும்.

வேளச்சேரி_அம்மா:
ரொம்ப தேங்க்ஸ் ப்ரோ, டப் வச்சாச்சு! ஒண்ணுக்கு எல்லாம் அதுலதான், புழுக்கை மட்டும் இன்னும் அங்கங்க உருளுது. அப்புறம் காலைல பாத்தா கொத்தா பளபளன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, அதை அதுவே திங்குது, பொண்ணு கத்தி ஊரைக் கூட்டிட்டா. பேதியா?

ஹோசூர்_செல்லப்பிராணி:
பேதி இல்லமா. முயலுக்கு ரெண்டு வகை. உருண்டையா காஞ்சது கழிவு, இந்த மெத்துன்னு கொத்தா வர்றது அதுக்கு சாப்பாடு, பெருங்குடல் பையில நொதிச்சு வர்ற புரோட்டீனும் பி வைட்டமினும் அதுலதான் இருக்கு, தின்னாத்தான் நல்லது. தின்னாம தினமும் மிச்சம் வச்சாத்தான் யோசிக்கணும், பெரும்பாலும் கேரட், பழம், பாக்கெட் தீனி அதிகமாயிருக்கும், குறைச்சு புல்லைக் கூட்டுங்க.

சிவப்பு ஒண்ணுக்கு செடி நிறத்தாலயும் வரும், பீட்ரூட் நிறுத்தினதும் மாறணும். சொட்டு சொட்டா ரத்தமா வந்தாலோ முக்கிக்கிட்டு உக்காந்தாலோ உடனே காட்டுங்க. வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படியறது கால்சியம், அது கொஞ்சம் சகஜம், தரையில காஞ்சு ஒட்டினா வினிகர் ஊத்தி கொஞ்ச நேரம் விட்டுத் தொடைங்க.

அங்கங்க உருளுற புழுக்கை, "இது என் ஏரியா"ன்னு சொல்ற வேலை. அஞ்சு மாசம்னா வயசுக்கு வந்தாச்சு, கருத்தடை பண்ணினா நிறைய குறையும். பெட்டையா இருந்தா இன்னும் முக்கியம், வயசாக வயசாக கர்ப்பப்பை கேன்சர் ரொம்ப சகஜம். ஆனா முயலுக்கு மயக்க மருந்து குடுத்துப் பழகின டாக்டரா பாருங்க, முந்தின ராத்திரி பட்டினி போடச் சொன்னா அந்த இடத்தை விட்டு எந்திரிச்சு வந்துருங்க, முயலை பட்டினி போடக்கூடாது.

பொள்ளாச்சி_தோட்டம்:
பலகை போட்டாச்சு தம்பி. வேளச்சேரி அம்மா, அந்தப் புழுக்கையை குப்பைல கொட்டாதீங்க, மாடில தொட்டிச் செடி வச்சிருந்தா வேர்ல போடுங்க. மாமியாருக்கும் மாடில ஒரு வேலை ஆச்சு.