மாவு வியாபாரம் – புதுப்பிப்பு

கடைகளுக்குக் கொடுத்த இட்லி மாவுக்குப் பணம் வராமல் நிற்கும் கடனை எப்படி வசூலிப்பது, வெயிலில் மாவுப் பாக்கெட் உப்பி வெடிப்பதை எப்படித் தடுப்பது என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பாக்கெட் விஷயம் சரியாகிவிட்டது. அரைக்கும்போது பச்சைத் தண்ணீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர். கிரைண்டரிலிருந்து வழிக்கும்போது மாவு கையில் சில்லென்று இருக்க வேண்டும். உடனே பாக்கெட் போட்டு ஃபிரிட்ஜுக்குள். இப்போது திரும்பி வருவது வாரத்துக்கு இரண்டு மூன்றுதான்.

கடன்தான் பெரிய பாடம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துவிட்டேன். ஆதார், பான் இருந்தால் போதும், கட்டணமே கிடையாது. என்னிடம் ஒருவர் 1,500 ரூபாய் கேட்டார், தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள். பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கடைக்காரர் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் பதிவுக்குப் பிறகு கொடுத்த சரக்குக்குத்தான் இது நிச்சயமாகச் செல்லும். அதனால் தொழில் தொடங்கும் அன்றே பதிந்துவிடுங்கள். நான் தாமதித்ததில் பழைய 18,000 ரூபாயைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பாதி வந்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு பில்லிலும் பதிவு எண்ணும் கெடு தேதியும் போடுகிறேன், கடைக்காரர் கையெழுத்தும் வாங்குகிறேன். அப்புறம், புதுக் கடை என்றால் முதல் மாதம் ரொக்கம்தான்.