ராமநாதபுரக் கரையில் குள்ளர் நாடு: குடைவதா, மேடு கட்டுவதா?

பாம்பன்கரை: நம்ம ராமநாதபுரம் கரையை மாதிரியாக வைத்து ஒரு கற்பனை உலகத்துக்கு வரைபடம் போடுகிறோம். கதைகளில் நிலத்தடியில் குடைந்து வாழும், கல் வேலையிலும் உலை வேலையிலும் கெட்டிக்காரர்களான குள்ளர்களின் தாயகம் எங்கே என்பதுதான் கேள்வி. என் கட்சி இது: கரையை ஒட்டிய ஒரு தீவுக்கு அடியில் 40 மீட்டர் ஆழத்தில் சுரங்க நகரம். மணலுக்குக் கீழே பவளச் சுண்ணாம்புக் கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். உளிக்கு இதைவிட நல்ல கல் ஏது? மலைக்குள் குள்ளரை வைப்பதை எல்லோரும் செய்தாயிற்று.

கடலாடி: கல் சரி, தண்ணீரை என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணே? பவளக் கல் முழுக்கத் துளை. தீவில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும், இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசம் அப்படி. சுரங்கத்தைக் காய வைக்க இறைத்து அந்த 1 அடியைக் காலி செய்தால், கீழேயிருந்து உப்பு மேலே வரும். ஊர்க் கிணறு எல்லாம் உவர்த்துப்போகும். குள்ளர் நாடு தன் குடிதண்ணீரைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

பாம்பன்கரை: இறைக்கவே வேண்டாம். சுவரைத் தண்ணீர் புகாமல் கட்டினால் போதும். சுண்ணாம்போடு செங்கல் தூள் இடித்துப் போட்டால் ஈரத்திலும் இறுகும். குள்ளர் கைக்கு அது பெரிய வேலையா?

தொண்டி மேஸ்திரி: கசிவை அடைத்தாலும் தூக்கு விசை போகாது தம்பி. நீர்மட்டத்துக்கு 10 மீட்டர் கீழே தளம் போட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் 10 டன் விசையோடு மேலே தள்ளும். எடையால் மட்டும் அதை அமுக்க 4 மீட்டர் கனத்துக்குக் கருங்கல் வேண்டும். தளத்தைத் தலைகீழ் வளைவாகக் கட்டிச் சுவரின் பாரத்தை அதில் இறக்கினால் கனம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 40 மீட்டரில் 40 டன். கொத்து வேலையில் ஒரு விரிசல் விட்டால் முதலில் மணல் வரும், பின்னால் கூரை வரும்.

கடலாடி: அதனால்தான் சொல்கிறேன், கீழே இறங்க வேண்டாம், மேடு எழுப்புவோம். கூம்பு மாதிரி, அடியில் 100 மீட்டர் ஆரம், 15 மீட்டர் உயரம் என்றால் சுமார் 1,57,000 கன மீட்டர் மண். ஆளுக்கு நாளைக்கு 2 கன மீட்டர் என்றால் 500 குள்ளர் 157 நாளில் முடிப்பார்கள். மண் எடுத்த பள்ளம் ஊருணி ஆகும், 3 மீட்டர் ஆழத்தில் 13 ஏக்கர்.

பாம்பன்கரை: ஊருணிக் கணக்கு நிற்காது. மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் சுற்றித்தான், பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். வெயிலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஆவியாகிவிடும். மணலில் வெட்டினால் மீதியும் உள்ளே இறங்கிவிடும். அதைவிட, மேட்டுக்குள் வாழ்பவர் எப்படிக் குள்ளர் ஆவார்? ஆழம்தானே அவர்கள் அடையாளம்!

கடலாடி: ஆவி கணக்கு சரிதான். களிமண் படுகை பார்த்துத்தான் வெட்ட வேண்டும், மேலே விழும் மழை போதாது, வரத்துக்கால் வேண்டும். கரிசலுக்குப் போகக் கூடாது, கோடையில் வெடித்து மழையில் உப்பும், சுண்ணாம்புச் சுவர் தாங்காது. அடையாளம் பற்றிச் சொன்னால், குள்ளரின் பெருமை வளைவிலும் இணைப்பிலும் இருக்கிறது. வாசலை 8 மீட்டர் உயரத்தில் வையுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது மாதிரிக் கடல் ஏறினாலும் வாசல் தப்பும். உள்ளே நுழைந்ததும் 8 மீட்டர் படி இறங்கலாம். இறக்கமும் கிடைக்கிறது, தண்ணீரும் தொடாது.

தொண்டி மேஸ்திரி: மேட்டை எழுப்பிவிட்டுக் குடையாதீர்கள், மணல் சரியும். முதலில் தரையில் வளைவு மண்டபங்களைக் கட்டி முடித்து, பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவில் அடி அடியாக மண் போட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வளைவு மறுபக்கம் சாயும். காரைக்குக் கடல் மணல் கூடவே கூடாது, சுவர் உவர் பூத்து உதிரும். சுண்ணாம்பு சுட்டால் 100 கிலோ கல்லுக்கு 56 கிலோதான் மிஞ்சும், அந்தக் கணக்கில் கல் வெட்டுங்கள்.

பாம்பன்கரை: இரும்பு உருக்கும் உலைக்கு விறகு? 1 கிலோ கரிக்கு மூட்டத்தில் 5 கிலோ விறகு போகும். இரும்புக் கல்லும் இங்கே இல்லை.

கடலாடி: கல்லைத் தோணியில் கொண்டுவரட்டும், மாற்றாகச் சங்கும் உப்பும் கருவாடும் கொடுக்கட்டும். பாம்பன் கால்வாய் மாதிரி ஒரு குறுகிய நீர்வழியில் சுங்கம் அவர்கள் கையில் இருந்தால், இந்தக் கரையில் குடியேறியதற்கும் காரணம் கிடைக்கிறது. காட்டை மட்டும் பங்கு பிரித்து முறை வைத்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உலை நின்றுபோகும்.

பாம்பன்கரை: மேட்டை ஏற்கிறேன், அடியில் ஒரு தளம் மட்டும் விடுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் இடைவெளி வைத்து, கருவூலத்துக்கு.

தொண்டி மேஸ்திரி: ஐப்பசிக்குப் பிறகு நீர்மட்டம் எங்கே ஏறி நிற்கிறது என்று பார்த்து அதிலிருந்து 1 மீட்டர் விடுங்கள். கோடை அளவை வைத்துக் கட்டினால் கார்த்திகையில் கருவூலம் நனையும். அப்புறம் புகைபோக்கி. சமதரையில் இரண்டு துவாரமும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று ஓடாது. உலைக்கு மேலே உள்ளதை உச்சிக்கு மேல் 5 மீட்டர் தூக்கிவிட்டு, காற்று நுழையும் வாயைக் கச்சான் வரும் தென்மேற்குப் பக்கம் வையுங்கள். வாடைக் காலத்துக்கு வடகிழக்கில் மூடியோடு இன்னொரு வாய்.