ஹைலக்ஸ் பக்கிக்கு (பிக்கப் வண்டி) ஷாக் அப்சார்பர் மாற்றணும், எதை வாங்கலாம்?

டோங்காட் தக்காளி:
வணக்கம். என்னுடையது 2012 ஹைலக்ஸ், 2.5 டி-4டி, சிங்கிள் கேப். கரும்புக்காட்டு மண்பாதையில் இறங்கி, என்2 நெடுஞ்சாலை பிடித்து, டர்பன் கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டுக்குத் தக்காளி, கத்தரிக்காய், டபுள் பீன்ஸ் கொண்டுபோகிற வண்டி. பெட்டி அடுக்கினால் பின்பக்கம் குந்திக்கொள்கிறது. காலியாகத் திரும்பும்போதோ, அலை அலையாகக் கிடக்கிற அந்த மண்பாதையின் வளைவுகளில் பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடுகிறது. இடது பின் ஷாக்கில் எண்ணெய் வழிந்து, அதன்மேல் செம்மண் அப்பிக் கிடக்கிறது.

கடைக்காரர் நாலையும் ஹெவி டியூட்டியாக மாற்றச் சொல்கிறார். மாற்றினால் பின்பக்கம் தானாகத் தூக்கி நிற்குமாம். மன்ரோவா, கேப்ரியலா, இல்லை காசு போனால் போகட்டும் என்று ஓல்ட் மேன் எமுவா?

சாட்ஸ்வொர்த் பழைய ஸ்பேனர்:
தம்பி, பிராண்டு அப்புறம். முதலில் பின்பக்கம் ஏன் குந்துகிறது என்று பாருங்கள். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). ஷாக்கின் வேலை பட்டையின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். அதற்குள் இருக்கிற கேஸ் தள்ளுகிற தள்ளுக்கு முக்கால் டன் தக்காளி எழுந்து நிற்காது. ஷாக் மாற்றினால் வண்டி உயரும் என்று சொல்கிறவர் விற்பனைக்காகச் சொல்கிறார்.

சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். காலியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை, இரண்டு பக்கமும். காலியாக நிற்கும்போதே பட்டை வளைவு போய்த் தட்டையாகக் கிடந்தால் பட்டைக் கட்டு முழுவதையும் மாற்றணும், அல்லது கழற்றி வளைவு ஏற்றணும். காலியில் நன்றாக நின்று பாரத்தில் மட்டும் படுத்தால் உதவிப்பட்டை ஒன்று சேர்த்தால் போதும்.

பக்கவாட்டில் ஓடுவதுதான் ஷாக்கின் கோளாறு. ஷாக் செத்துவிட்டால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடி ஏது? டயரைக் கையால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும். இன்னொரு சோதனை: மண்பாதை ஓடி முடித்ததும் இறங்கி, புறங்கையை ஒவ்வொரு ஷாக்குக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். வேலை செய்கிற ஷாக் சுடும், பார்த்து. ஜில்லென்று இருப்பது சும்மா தொங்குகிறது. லேசான எண்ணெய் ஈரம் என்றால் பயமில்லை, உங்களுடையதுபோல வழிந்து மண் ஒட்டியது போனதுதான். பின்னால் வண்டியை விற்கப்போனால் ரோட்வொர்த்தி (வண்டித் தகுதி) சோதனையிலும் அதை விடமாட்டார்கள்.

ஒன்று போயிருந்தாலும் அந்த அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முன்பக்கம் நன்றாக இருந்தால் தொடவேண்டாம்.

சானி டிரைவர்:
அண்ணே சொன்னது சரி. நான் அண்டர்பெர்க்கிலிருந்து சானி பாஸ் மலைக்கணவாய்க்கு ஆள் ஏற்றுகிறவன், மேலே 2,876 மீட்டர். கல்லிலும் அலைமண்ணிலும் ஷாக்கைக் கொல்வது சூடு. எண்ணெய் கேஸோடு கலந்து நுரைத்துவிட்டால் அடக்குகிற சக்தி போய்விடும். அதனால் நான் ஃபோம் செல் வகை ஷாக்தான் போடுவேன். அதில் கேஸ் நுரைப்பஞ்சின் கண்ணறைகளுக்குள் அடைபட்டிருப்பதால் எண்ணெயோடு கலக்காது. மோனோ டியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் இன்னும் சீக்கிரம் ஆறும், ஆனால் அதன் வெளிச்சுவர்தான் பிஸ்டன் ஓடுகிற சுவர். கல் பட்டு நசுங்கினால் ஷாக் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ட்வின் டியூப் (குழாய்க்குள் குழாய்) சின்ன நசுங்கலைத் தாங்கும்.

சாட்ஸ்வொர்த் பழைய ஸ்பேனர்:
சானிக்கு அது நியாயம். இந்தத் தம்பி மண்ணில் ஓடுவது கொஞ்சம், மீதி தார் ரோடு. நல்ல ட்வின் டியூப் கேஸ் ஷாக் போதும், மன்ரோ ஆனாலும் கேப்ரியல் ஆனாலும். ரொம்ப முறுக்கானதைப் போட்டால், பெட்டியை இறக்கிவிட்டுக் காலியாக வரும்போது முரட்டுக் கழுதைபோல் உதைக்கும். வண்டி உயர்த்தியதா இல்லையா என்று கடையில் சொல்லி, அந்த நீளத்துக்கே வாங்குங்கள்.

டோங்காட் தக்காளி:
அளந்தேன் அண்ணே. காலியாக இருக்கும்போதே இடது பக்கம் தாழ்ந்து, பட்டை தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. வலதும் பெரிதாக மேலில்லை. டயரும் நீங்கள் சொன்னபடியேதான். முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது. அப்போது எமுவுக்கு வைத்த காசைப் பட்டைக்குத் திருப்பிவிட்டு, பின்னால் இரண்டு சாதாரண கேஸ் ஷாக் போடுகிறேன். நானும் மச்சானும் வீட்டிலேயே மாட்டலாமா?

சாட்ஸ்வொர்த் பழைய ஸ்பேனர்:
பின் ஷாக் தாராளமாக. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். கடல் காற்றில் கீழ் போல்ட் துருவேறிக் கடித்திருக்கும், முந்தின ராத்திரியே துரு இளக்குகிற எண்ணெய் அடித்துவையுங்கள். புது போல்டை சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். வண்டியை இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகு இறுக்கணும், இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். பட்டைக் கட்டு மாற்றுவதை மட்டும் பட்டறைக்கு விடுங்கள், பட்டையை அச்சோடு கட்டுகிற பழைய யு-போல்டைத் திரும்பப் போட அவர்களை விடாதீர்கள்.