பூஞ்சை பிடித்த கேசட், உள்ளே சாரின் குரல்

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். 1993இல் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பையே உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போய், டச்சுத் தளபதி டி லனாய் கல்லறை பக்கத்தில் நின்று, அவர் திருவிதாங்கூர் படையிடம் தோற்ற 1741 குளச்சல் போரைச் சொன்னதை ஒரு டிடிகே டி90 கேசட்டில் பதிந்து வைத்தேன். நான் வரலாற்று வாத்தியார் ஆனதே அந்த ஒரு மணி நேரத்தால்தான் ("மக்கா, தோத்தவன் பக்கமும் நின்னு பாருங்கலே" என்பார்). போன மாதம் சார் தவறிவிட்டார். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ஏ பக்கம் பத்து நிமிடம் ஓடி அப்புறம் இழுக்கிறது, பி பக்கம் வெறும் இரைச்சல். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன், நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன், நாகர்கோவிலில் மூன்று கடை ஏறி இறங்கினேன், கேசட்டா என்று சிரிக்கிறார்கள். இனி ஓட்டினால் அறுந்துவிடுமோ என்று தொடவே இல்லை.

பூஞ்சையை எடுத்து எம்பி3 ஆக்கித் தருபவர் குமரி மாவட்டத்திலோ திருவனந்தபுரத்திலோ யாராவது உண்டா?