சொந்தமா அடிச்ச சேசிஸ்ல ஜீப்பு, ஆர்டிஓ-ல பாஸ் ஆகுங்களா?

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. எங்க அப்பாரு ஓட்டுன 1974 மாடல் ஜீப்பு தோட்டத்துச் சாளைல ரொம்ப நாளா நின்னு சேசிஸ், அதாவது வண்டியத் தாங்கற அடிச்சட்டம், தொட்டா உதிர்ற அளவுக்கு துருப்புடிச்சுப்போச்சு, சரின்னு பட்டறைல செவ்வக பைப்பு வாங்கி புதுசா பிரேம் அடிச்சு, கால் வெக்க எடம் பத்தலைன்னு வீல்பேஸையும் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கற தூரம்) ஆறு இஞ்சு நீட்டிட்டோம், எஞ்சின் பாடி எல்லாம் பழசு தானுங்க. இப்ப ஆர்சி ரினீவல் போகோணும். பட்டறைக்காரர் பழைய சேசிஸ்ல நம்பர் இருக்கற துண்டை மட்டும் வெட்டி இதுல பத்த வெச்சரலாம், பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பர் மேல பேப்பர் வெச்சு தேச்சு பென்சில் பிரிண்ட் எடுத்தா அதே நம்பர் தான வரும்ங்கறாரு. சரியா வருங்களா? நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டி தெனமும் ரிஜிஸ்டர் பண்றாங்களே, நமக்கு மட்டும் என்னவாம்?

சங்ககிரி லாரி:
நாமக்கல் கதை வேற தம்பி. அங்க யாரும் சேசிஸ் அடிக்கறதில்ல, கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணி அப்ரூவல் வாங்குன சேசிஸ் வரும், நம்மாளுங்க மேல பாடி தான் கட்டறாங்க. அதுக்கே வண்டி ரோட்டுக்கு லாயக்குன்னு சான்று குடுக்கற பார்ம் 22ஏ-ல சேசிஸ்க்கு கம்பெனியும் பாடிக்கு பில்டரும் தனித்தனியா கையெழுத்துப் போடோணும். உங்க பிரேமுக்கு யாரு போடுவாங்க?

துண்டு வெட்டற சோலி வேண்டவே வேண்டாம் சாமி. கிரைண்டர் போட்டு பெயிண்ட் அடிச்சாலும் நம்பரைச் சுத்தி நாலு பக்கமும் வெல்டு இருக்கறது வெரல்ல தடவுனாலே தெரியும், பார்க்கறவன் திருட்டு வண்டின்னு தான் நினைப்பான். நல்லாருக்கற அப்பாரு வண்டிக்கு எதுக்கு போலீஸ் கேசு.

கோவை கேரேஜ்:
சட்டத்தையும் சொல்லிடறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சில இருக்கற விவரம் கம்பெனி ஒரிஜினலா குடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது, உங்களுக்கு வீல்பேஸே மாறிருச்சு. கேரளா கேஸ் ஒண்ணுல 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொல்லிருச்சு. அதே வருசம் திருத்துன 182ஏ பிரிவுல ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூவா பைன், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம். என்னைக் கேட்டா பைன் கூட பெருசில்லைங்க, நாளைக்கு யாரு மேலயாவது இடிச்சிட்டா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல புடிக்கறது இதைத்தான், அப்ப தோட்டத்தை வித்து குடுக்கோணும்.

புதுசா அப்ரூவல் வாங்கறதுன்னா மத்திய மோட்டார் வாகன விதி 126வது ரூல்ல புனே ஏஆர்ஏஐ, ஒரகடம் ஜிஏஆர்சி மாதிரி வண்டி சோதிக்கற எடத்துல புரோட்டோடைப் (மாதிரி வண்டி) டெஸ்ட், அது வண்டி தயாரிக்கற கம்பெனிக்கு வெச்சது. இங்கிலாந்துல வீட்ல கட்டுன ஒத்த வண்டிக்குன்னே ஐவிஏ-ன்னு டெஸ்ட் இருக்கு, நம்மூர்ல அப்படி வழி கெடையாது. பட்டறைக்கு பட்டறை இவ்ளோ கைத்தொழில் இருக்கற கோயமுத்தூர்ல ஒருத்தன் நேர்மையா கட்டுனாலும் காட்டறதுக்கு எடமில்லைங்கறது கடுப்பு தான்.

ஈரோட்டுப் பையன்:
50 வருசம் தாண்டிருச்சே, 2021ல வந்த விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேசன்ல போடலாமே? 20,000 தான் பீஸ்.

கோவை கேரேஜ்:
ஆகாது தம்பி. சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெருசா கைய வெச்சிருக்கக்கூடாதுன்னு அந்த ரூல்லயே இருக்கு. அதுல வாங்குனாலும் ராலி, கண்காட்சின்னு தான் ரோட்டுக்கு வரலாம், சந்தைக்கு ஓட்ட முடியாது.

சங்ககிரி லாரி:
தம்பி, பழைய பிரேம எடைக்குப் போட்டுட்டீங்களா?

பெருந்துறைக்காரன்:
இல்லீங்ணா, பட்டறைக்குப் பின்னால தான் கெடக்குது. முன்னாடி பாதி, நம்பர் இருக்கற பக்கம் கெட்டியா தான் இருக்கு, பின்னாடி ரெண்டு பக்கத்தையும் இணைக்கற குறுக்குச் சட்டம், கிராஸ் மெம்பர் தான் போச்சு.

சங்ககிரி லாரி:
அப்பறம் என்ன. அதையே மணல் அடிச்சு, போன எடத்துல பழைய அளவுக்கே பிளேட் வெச்சு கட்டுங்க, வீல்பேஸ் ஆர்சில இருக்கறபடி வரட்டும், அது ரிப்பேர் கணக்கு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டோவோட ஆர்டிஓ-ல எழுதிக் குடுத்து சீல் வாங்கி வெச்சுக்கோங்க. புது பிரேம தோட்டத்துக்குள்ள ஓட்ட வேற எதுக்காச்சும் போட்டுக்கலாம், அடிச்சது வீணில்ல.

பெருந்துறைக்காரன்:
சரிங்ணா. கால் தான் இடிக்கும், சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பார்க்கறேன்.